கையெழுத்துப் போடாதவர்கள்

இது என் கண்ணால் கண்டதல்ல. ரேலின் என்ற, அமெரிக்கப் பழங்குடியான செரோக்கிப் பெண்ணோடு ஒரே அறையில் தங்கிப் படித்த ஒருத்தி, விடுதியின் சலவை அறையில் துணி உலரும் நேரத்தில் எனக்குச் சொன்னது. அவளுக்கு ரேலின் சொன்னது. இரண்டு வாய் மாறி வந்ததால் சிலது உதிர்ந்திருக்கும், சிலது புதிதாக ஒட்டியிருக்கும். ரேலின் மனதுக்குள் ஓடியதாக நான் எழுதுவதில் என் பயமும் கொஞ்சம் கலந்திருக்கலாம். என்னைப் போல அவளும் தன் வீட்டின் முதல் பட்டதாரி.

முட்டை அடிபிடிக்காமல் பார்த்துக்கொள், கையை மட்டும் நிறுத்திவிடாதே என்று டார்லா அத்தை சொல்லிவிட்டுப் போனதால் ரேலின் கையை நிறுத்தவில்லை. அகன்ற இரும்புச் சட்டியில் பன்றிக் கொழுப்பில் வதங்கிக் கிடந்த காட்டு வெங்காயத் தாளின் மேல் முட்டையை ஊற்றியாகிவிட்டது. ஓரத்தில் இறுகியதை மரக்கரண்டியால் நடுவுக்குத் தள்ளி, நடுவில் தளதளத்ததை ஓரத்துக்கு விட்டு, மறுபடி தள்ளி, மறுபடி விட்டு, கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. கை நல்ல கைதான். வாய்தான். இந்த வாய் சற்றுமுன் மண்டபத்தில் என்ன சொன்னது? நம் முன்னோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தம். அப்படியேதான் சொன்னது, ஒரு எழுத்து குறையாமல், ஒலிபெருக்கியில், தொண்டையைக் கனைத்துச் சரிசெய்துகொண்டு. இல்லை, வேறு மாதிரிச் சொல்லியிருப்பேனோ? நம் முன்னோர் காலத்து ஒப்பந்தம் என்று? நம் முன்னோர்மேல் சுமத்தப்பட்ட என்று? இல்லை. காதில் இன்னும் கேட்கிறது. ஒலிபெருக்கி வழியாகப் போய்ப் பின்சுவரில் முட்டித் திரும்பி வந்த தன் குரலை அவளே கேட்டாள். கையெழுத்துப் போட்டு. கொடுத்த. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைக்கவில்லை. ஆவிக்கு அந்தப்பக்கம் எல்லாம் மங்கலாக இருந்தது நல்லதாகப் பட்டது. வேறு எங்கேயாவது சொல்லியிருக்கலாம். துல்சாவில், ஒரு கல்லூரியில், வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் எந்த அறையிலும் சொல்லியிருக்கலாம், தலையாட்டிக் கேட்டிருப்பார்கள். டாலக்வா நகருக்குக் கிழக்கே, மலைக்குள், செரோக்கிகளே கட்டி செரோக்கிகளே கூட்டிப் பெருக்கும் இந்த மண்டபத்தில், வருஷாவருஷம் வசந்தத்தில் ஓடைக்கரை வெங்காயத்தைப் பிடுங்கிவந்து முட்டையோடு சமைத்து ஊரே கூடிச் சாப்பிடும் நாளில், தட்டோடு வரிசையில் நிற்கத் தயாராக இருந்தவர்கள் முன்னால். அதுவும் வெல்டன் மாமா முன்னால்.

மாமா அப்போது நின்ற இடம்கூடக் கண்ணுக்குள் நிற்கிறது. பழப்பணியாரங்கள் வைத்த மேசைக்குப் பக்கத்தில், ஒரு கையில் அஞ்சலட்டைக் கட்டு, இன்னொரு கையில் பேனாக்கள் போட்ட காப்பிக் குவளை. அவள் பேசி முடித்ததும், கையெழுத்து வாங்கி வாஷிங்டனுக்கு அனுப்ப, அவர்தான் ஆளுக்கொரு அட்டை கொடுத்துக்கொண்டு வரவேண்டும். அவரே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. நேற்று ராத்திரி தொலைபேசியில், நீ பேசு மருமகளே, வினியோகம் நான் பார்த்துக்கிறேன், என்கிட்ட வாங்க மாட்டேன்னு எவன் சொல்றான்னு பார்க்கலாம் என்று சிரித்தார். அந்த வாக்கியம் வந்ததும் அவர் சிரிப்பு நிற்கவில்லை. அதுதான் பயங்கரம். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அதற்குப் பின்னால் ஆள் இல்லை. விளக்கெரியும் வீட்டுக்குள் கூப்பிட்டுப் பார்த்தால் யாருமில்லாதது போல. மண்டபத்தில் யாரோ நாற்காலியை நகர்த்திய சத்தம் கேட்டது. பிறகு முன்வரிசையில் மிஸ் லூவெலா, அந்த ஒப்பந்தத்தில் அன்று கையெழுத்துப் போட்ட சிலரின் வழியில் வந்தவர், அது ஊருக்கே தெரியும், அவரும் மறைத்ததில்லை, கையைத் தட்டிக்கொண்டு உரக்கச் சொன்னார்: "அடடா, கடைசியில எங்க ஆளுங்களை எல்லாருக்கும் முன்னோராக்கிட்டாளே இந்தப் பொண்ணு! எத்தனை தலைமுறையா காத்துக்கிட்டிருந்தோம்!" பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மாமாவைப் பார்த்தார்கள். மாமா அட்டைக் கட்டைப் பணியாரத் தட்டுகளுக்கு நடுவில் கவிழ்த்து வைத்தார், எழுத்து தெரியாதபடி. பேனாக் குவளையை அதன்மேல் வைத்தார். தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். கதவை அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினார். அறைந்திருக்கலாம் மாமா, அறைந்திருக்கலாம். அதற்கப்புறம் அவள் என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. வாய் இன்னும் கொஞ்சம் அசைந்தது. போதகர் ஜெபம் சொன்னார். முட்டை இன்னும் ஆகவில்லை என்று யாரோ சொன்னார்கள், அதைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவந்தாள்.

தெரியாமல் சொல்லியிருந்தால் பரவாயில்லை, அதுதான் மறுபடி மறுபடி வந்து குத்தியது. தெரியும். இந்த ஊரில் பிறந்த எவருக்கும் பால்பல் விழுமுன் தெரியும். ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தைந்தில், கிழக்கே பழைய நாட்டில், ஒரு கைப்பிடி ஆட்கள், தலைவர் அல்லாதவர்கள், யாரும் அனுப்பாதவர்கள், ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்து செரோக்கி நிலம் முழுவதையும் அமெரிக்க அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தலைவர் கையெழுத்துப் போடவில்லை. சபை ஒப்புக்கொள்ளவில்லை. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் எழுதி, இது எங்கள் ஒப்பந்தமே இல்லை என்று வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். கேட்பாரில்லை. ராணுவம் வந்தது, அடுப்பில் இருந்தது அடுப்பிலேயே இருக்க வீட்டைவிட்டு இறக்கியது, குளிர்காலத்தில் மேற்கே நடக்கவிட்டது, வழியெல்லாம் செத்தவர்களை ஆயிரக்கணக்கில் புதைத்துக்கொண்டே வந்தார்கள். வந்து சேர்ந்த பிறகு, கையெழுத்துப் போட்டவர்களில் மூன்று பேரை ஒரே நாளில் நம் ஆட்களே கொன்றார்கள். இதெல்லாம் பாடத்தில் படித்ததில்லை, மூச்சில் வந்தது. மாமா எந்தக் காகிதத்திலும் சும்மா கையெழுத்துப் போட மாட்டார். பள்ளிக்கூடச் சுற்றுலா அனுமதித் தாளைக்கூட வெளிச்சத்தில் பிடித்து முதல் வரியிலிருந்து வாசிப்பார். அவளைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வண்டியில் கூட்டிப்போன அன்று விடுதிக் காகிதங்களை வண்டி நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்து வெகுநேரம் படித்துவிட்டு, "நிலம் எதுவும் போகலையே மருமகளே, அப்போ போடு" என்றார். அம்மாவுக்கு அன்றைக்கு முதியோர் இல்லத்தில் வேலை, விடுப்பு கிடைக்கவில்லை. இன்றைக்கும் வேலை. செரோக்கிகளுக்குக் குலம் தாய்வழி. அப்பா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த விஷயத்தில் விருந்தாளிதான், தாய்மாமன்தான் ஆள். அந்த ஆள் சாத்திவிட்டுப் போன கதவு அது.

அப்படியானால் அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? அதன் பின்னாலேயே போய்ப் பார்த்தாள், வீட்டுக்குள் பாம்பு நுழைந்த பொந்தைத் தேடுகிறவள் போல. வாஷிங்டன். போன இலையுதிர் காலம். படித்து முடித்த நாலைந்து செரோக்கிப் பிள்ளைகள் சேர்ந்த அவர்களுடைய சின்னக் குழு, நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது. கேட்கப் போனது ஒரே விஷயம். அந்த ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவில், செரோக்கி தேசத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் ஒரு பிரதிநிதி வைத்துக்கொள்ள உரிமை உண்டு, நாடாளுமன்றம் அதற்கு ஏற்பாடு செய்யும்போது, என்று எழுதியிருக்கிறது. அந்த நாற்காலி இன்னும் போடப்படவில்லை. ஓர் அலுவலகத்தில் உதவியாளன் ஒருவன், அவள் வயதுதான் இருக்கும், நின்றபடியே கேட்டான். அவள் தலைவர், சிறுகூட்டம், எதிர்ப்பு, பதினைந்தாயிரம் பெயர் என்று ஆரம்பித்தாள். அவன் கண் கைபேசிக்குப் போய்விட்டது. சுருக்கமா சொல்லுங்க, ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டதுதானே என்றான். ஆமாம் என்றாள். அவன் முகம் தெளிந்தது. அப்போ வாக்குன்னா வாக்குதானே என்று தலையாட்டினான், குறித்துக்கொண்டான். வெளியே வந்ததும் குழுவில் எல்லாரும் அவள் தோளைத் தட்டினார்கள். அதுதான் சரி ரேலின், அந்த நீளக் கதையை விடு, அது குழப்பும். அடுத்த அறையில் அவளே முந்திக்கொண்டு சொன்னாள். அதற்கடுத்த அறையில் இன்னும் அழகாக. அட்டை அச்சடிக்கும்போது முதல் வரியாக அவளே எழுதிக் கொடுத்தாள். ஐயோ. அட்டை. அட்டையிலும் அதே வரிதான் இருக்கிறது, நீல எழுத்தில், எல்லா அட்டையிலும், அந்தக் கட்டு முழுவதிலும். கரண்டி ஒரு கணம் நின்றது. அதனால்தான் கவிழ்த்து வைத்தாரா? அவர் அதை முன்னமே வாசித்திருக்க வேண்டும், எதையும் வாசிக்காமல் தொட மாட்டாரே. இல்லை, இதை மட்டும் வாசிக்கவில்லை. நான் கொடுத்ததால் வாசிக்கவில்லை. அவள் சொல்லக் கேட்ட பிறகுதான் கையிலிருந்ததைக் குனிந்து பார்த்தார். ஆமாம், குனிந்து பார்த்தார், இப்போது ஞாபகம் வருகிறது, தொப்பியின் நிழல் முகத்தில் விழுந்தது. 

"அடி, கிளறு! பிடிச்சா அந்த ஒப்பந்தம் மாதிரிதான், எத்தனை வருஷம் சுரண்டினாலும் போகாது." டார்லா அத்தை ரொட்டி மாவுப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். மாமாவின் மனைவி. எந்தச் சாவு வீட்டிலும் ஒரு வேடிக்கை சொல்லிவிடுவாள். ரேலின் கிளறினாள். "அத்தை, அவர் ஏதாவது சொன்னாரா?" "யாரு, அவரா? அவர் கோபம் வந்தா பேச மாட்டார், பன்றி பொரிப்பார். இன்னிக்கு எல்லாருக்கும் கறி நிறையக் கிடைக்கும்." "நான் வேணும்னு சொல்லலை அத்தை." "தெரியும்டி. வேணும்னு சொல்லியிருந்தா அவருக்கு சுலபமா இருந்திருக்கும், திட்டிட்டுப் போயிருப்பார்." இதைச் சொல்லிவிட்டு அத்தை ரொட்டியைத் தட்டப் போய்விட்டாள். சொன்னது மட்டும் சட்டிக்கு மேலே ஆவியோடு நின்றது. வேண்டுமென்று சொல்லவில்லை. தானாக வந்தது. யோசிக்காமல் வந்தது. ஒரு நெருடல்கூட இல்லாமல், பெயரைக் கேட்டால் பெயர் சொல்வது போல. அங்கே ஆறு மாதம் சொன்னதில் உள்ளே இருந்ததை அது அழித்துவிட்டதா? நாளைக்கு மேற்கே நடக்கவிட்டதைப் பற்றிக் கேட்டால் இடம்பெயர்ந்தோம் என்று சொல்வேனா? செத்தவர்களைப் பற்றிக் கேட்டால்? இன்னும் என்னென்ன என் வாயில் தயாராக உட்கார்ந்திருக்கிறது, என்னைக் கேட்காமல்?

சன்னலுக்கு வெளியே, முற்றத்தில், மாமா முதுகைக் காட்டி நின்றார். பெரிய வார்ப்புக் கொப்பரையில் கொழுப்பு கொதித்தது. துடுப்பு மாதிரி நீளமான பலகையால் கறித்துண்டுகளைக் கிளறினார். அவளும் கிளறினாள், அவரும் கிளறினார். இரண்டு பேர் கையும் ஒரே வேகத்தில் போவதைப் பார்த்தாள். வேகத்தை மாற்றிக்கொண்டாள். அவர் ஒருநாளும் கேட்காத கேள்வி ஒன்று அவளுக்குள் கிடந்தது, இந்தக் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து கிடக்கிறது, நின்று பார்க்கப் பயந்து தாண்டித் தாண்டிப் போவாள். ஒருவன் உன் வீட்டைப் பறித்துக்கொள்கிறான். நீ விற்றதாக உன் பங்காளி ஒருத்தனிடம் எழுதி வாங்கிக்கொள்கிறான். அந்தத் தாளிலேயே ஓரத்தில், இந்த வீட்டில் நடக்கும் பஞ்சாயத்தில் உனக்கும் ஒரு நாற்காலி உண்டு என்று எழுதி வைக்கிறான். பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் காலத்தில் நீ போய் அந்த நாற்காலியைக் கேட்டால், விற்றது செல்லும் என்று நீ ஒப்புக்கொண்டதாகாதா? கேட்காமல் விட்டால், வீடும் போய் நாற்காலியும் போனதாகாதா? குழுவில் யாரும் இதைப் பேச மாட்டார்கள். சட்டம் படித்த ஒருவன் ஒருமுறை, அதெல்லாம் உணர்ச்சி, நமக்குத் தேவை பிரிவு ஏழு என்றான். அவளும் தலையாட்டினாள். மாமா அட்டைக் கட்டைத் தானே வந்து வாங்கிக்கொண்டாரே, அப்போது இந்தக் கேள்வியை அவர் எங்கே வைத்திருந்தார்? எனக்காக விழுங்கியிருக்கிறார். அந்தத் தாளின் பெயரை வீட்டில் உச்சரிக்காத மனிதர், கட்டைக் கையில் வாங்கி, சிரித்து, பேனா எல்லாம் எழுதுகிறதா என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து. அவர் உள்ளங்கை முழுக்க மைக்கோடு இருந்தது, காலையில் பார்த்தாள், சிரித்தாள்கூட. அவ்வளவு தூரம் நடந்து வந்தவரை நான் வாசலில் வைத்து. சட்டியிலிருந்து ஒரு துளி கொழுப்பு தெறித்து மணிக்கட்டில் சுட்டது. கையை உதறவில்லை. சுடட்டும் என்று நினைத்தாள். பிறகு அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டாள், ஏனென்றால் அது வலித்தது, நிஜமாகவே வலித்தது, குழாயடியில் நீட்டினாள்.

தண்ணீர் மணிக்கட்டில் ஓடும்போதுதான் வந்தது. பெரிய ஞானமாக வரவில்லை, எரிச்சலாக வந்தது, குழாய் ஏன் இவ்வளவு மெல்ல வருகிறது என்ற எரிச்சலோடு சேர்ந்து. நிலத்தை எடுக்கும்போது எங்கள் கையெழுத்தையா பார்த்தார்கள்? பார்க்கவில்லையே. போடவில்லை, போடவில்லை என்று பதினைந்தாயிரம் பேர் எழுதியும் தாள் செல்லும் என்றுதானே ராணுவம் வந்தது. அவர்கள் செல்லும் என்று சொன்ன தாள் அது. அது அவர்களையும் கட்டிப்போடட்டும். எடுப்பதற்குச் செல்லும், கொடுப்பதற்குச் செல்லாதா? இதைத்தானே நான் சொல்லியிருக்க வேண்டும். இதில் பொய் ஒன்றும் இல்லையே. முன்னோர்மேல் கை வைக்காமல் சொல்லலாமே. ஏன் எனக்கு அப்போது வரவில்லை, ஏன் அந்த அலுவலகத்தில், அந்தப் பையன் கைபேசியைப் பார்த்தபோது. குழாயை மூடினாள். இது சரியா, அல்லது இதுவும் நான் தப்பிக்கச் செய்துகொண்ட இன்னொரு வாக்கியமா? தெரியவில்லை. இனி அவள் வாயிலிருந்து வரும் எதையும் அவளால் நம்ப முடியாது போலிருந்தது. முட்டை ஆகிவிட்டது. அணைத்தாள்.

பின்கதவு திறந்தது. பொரித்த கறி நிறைந்த தட்டோடு வெல்டன் மாமா உள்ளே வந்தார். தொப்பி இன்னும் தலையில் இருந்தது. வீட்டுக்குள் தொப்பி போடாதவர். தட்டை மேடையில் வைத்தார். சட்டியைப் பார்த்தார்.

"உப்பு போட்டியா?"

"போட்டேன்."

"ருசி பார்த்தியா?"

"இல்ல மாமா."

அவர் விரலால் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். வெகுநேரம் மென்றார், முட்டையை அவ்வளவு நேரம் மெல்ல வேண்டியதில்லை. "நான் அதுல போட மாட்டேன், ரேலின்" என்றார். மருமகளே என்று சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டது மணிக்கட்டுக் கொப்புளத்தைவிட எரிந்தது.

"தெரியும் மாமா. போட வேண்டாம்."

"ஒரே ஒரு ஆள். அதுவும் ஓட்டு இல்லாத ஆள். பேசலாமாம், உட்காரலாமாம், கடைசியில கை தூக்க மட்டும் முடியாதாம். அவர் ஒருத்தர் போய் அங்க என்னத்தைக் கிழிக்கப்போறார்? அதுக்காக நான் அந்தத் தாள் நல்ல தாள்னு எழுதிக் கொடுக்கணுமா?"

"என்ன கிழிப்பாங்கன்னு எனக்குத் தெரியல" என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை. இத்தனை அலுவலகம் ஏறியவளுக்கு அதற்கு ஒரு பதில் இருந்திருக்க வேண்டும், ஆனால் மனப்பாடம் செய்த எதையும் எடுக்க இப்போது கை வரவில்லை. "ஆனா நான் சொன்னது தப்பு. திரும்பப் போய்ச் சொல்றேன். நம்ம ஆளுங்க போடலைன்னு சொல்றேன். போடாமலே எடுத்துக்கிட்டாங்க இல்ல. போடாமலே குடுக்கட்டும்."

மாமா மெல்லுவதை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார், எதற்குக் கழற்றினோம் என்று தெரியாதவர் போல அதைப் பார்த்தார். "இது உனக்குத் தெரிஞ்சிருக்கே. அப்புறம் ஏன் அதைச் சொன்னே?"

"வாஷிங்டன்ல இது ரொம்ப நீளம்னு சொன்னாங்க மாமா."

"நீளமா?" அவர் டார்லா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா? நீளமாம். நாம நடந்ததைவிடவா?"

அத்தை மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரேலின் கரண்டியைக் கையில் பிடித்தபடியே மண்டபத்துக்குள் நடந்தாள். எல்லாரும் சாப்பாடு வருகிறது என்று திரும்பினார்கள். ஒலிபெருக்கி பக்கம் போகவில்லை, அந்தச் சுவரில் முட்டித் திரும்பும் தன் குரலை இன்னொரு முறை கேட்க அவளால் முடியாது. பணியார மேசைக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள். நான் முதலில் சொன்னது தப்பு. நம் வீட்டார் கையெழுத்துப் போடவில்லை. போட்டது சிலர். போடாதவர்களையும் சேர்த்துத்தான் துரத்தினார்கள், அந்தத் தாள் செல்லும் என்று சொல்லித்தான் துரத்தினார்கள். செல்லுமென்றால் ஏழாவது பிரிவும் செல்லட்டும். அவ்வளவுதான். அட்டையிலும் அந்தத் தப்பு அச்சாகியிருக்கிறது, எழுதியது நான்தான். வேண்டாம் என்றால் யாரும் போட வேண்டாம். சொல்லிவிட்டு நின்றாள். சாதாரணக் குரலில் சொன்னதால் பின்னால் இருந்தவர்களுக்குப் பாதி கேட்கவில்லை. என்னவாம் என்று ஒருவர் கேட்க, பக்கத்தில் இருந்தவர் தணிந்த குரலில் திருப்பிச் சொன்னார். அது அப்படியே வாய் மாறி மாறிப் பின்சுவர்வரை போனது. கைதட்டல் இல்லை. இருமல் ஒன்று. அவ்வளவுதான், போச்சு, என்று நினைத்தாள். ஆறு மாத வேலை, இந்த ஊர், மாமா, எல்லாம். தன் கையில் இருக்கும் கரண்டியிலிருந்து கொழுப்பு தரையில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமாவின் கை அவளைத் தாண்டி வந்து அட்டைக் கட்டை எடுத்தது. உள்ளங்கையில் அந்த மைக்கோடுகள். நேராக முன்வரிசைக்குப் போய், மிஸ் லூவெலா முன்னால் ஓர் அட்டையை வைத்து, பேனாவை நீட்டினார். "கையெழுத்துப் பழக்கம் உங்க குடும்பத்துக்குத்தானே உண்டு, மிஸ் லூவெலா. முதல்ல நீங்க போடுங்க." மண்டபம் வெடித்துச் சிரித்தது. பின்வரிசைக்காரர்கள்கூட இதைத் தெளிவாகக் கேட்டிருந்தார்கள். மிஸ் லூவெலாவும் சிரித்தார். ஆனால் பேனாவை வாங்குமுன் உள்ளங்கையை உடையில் துடைத்துக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் மரணத்தோடு முடிந்த கையெழுத்து அது. அவர் பெயரை எழுதினார். பேனாவை மேசையில் வைக்காமல் மாமாவின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒலிபெருக்கி வேண்டாத, பக்கத்து நாற்காலிக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்: "இந்தத் தடவையாவது எங்களைத் தனியா போடவிட்டுப் போயிடாதே, வெல்டன்."

மாமா நின்றார். ரேலின் முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தாள், திருப்பவில்லை. அவர் உட்கார்ந்தார். ஓர் அட்டையைத் தன் பக்கம் இழுத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்து, முதல் எழுத்திலிருந்து வாசித்தார், பள்ளிக்கூட அனுமதித் தாளை வாசிப்பது போல. பேனாவை எடுத்து அந்த நீல வரியின்மேல் ஒரு கோடு இழுத்தார். போதவில்லை. இன்னொரு கோடு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த என்பது முழுக்கக் கறுத்து, அட்டை கிழிந்துவிடுமோ என்னும்வரை அழுத்தி அடித்தார். பிறகு கீழே, மெதுவாக, தன் பெயரைச் செரோக்கி எழுத்தில் எழுதினார். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். அவரும் ஓர் அட்டையை எடுத்தார், அடித்தார், எழுதினார். பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. தட்டு வைக்க வேண்டிய மேசைகளில் அட்டைகள் பரவின, எல்லா வரிசையிலும் பேனா முனை அழுத்தமாக உரசும் சத்தம், அட்டைக்கு அட்டை அதே வரியின்மேல். அவள் எழுதிய வரி. அவள் கண்ணெதிரே ஊரே அதைக் கொன்றுகொண்டிருந்தது.  அடித்த அட்டையை வாஷிங்டனில் வாங்குவார்களா, குழுவில் என்ன சொல்வார்கள், அந்தப் பையன் இதைப் பார்த்தால் குழம்புவானே. குழம்பட்டும். குழம்பட்டும் என்று தான் நினைத்ததில் திடுக்கிட்டாள். "மருமகளே," என்று மாமா தலை நிமிராமல் கூப்பிட்டார், "இங்க ஒரு பேனா எழுதலை. வேற கொண்டா. அப்படியே அந்த முட்டையையும்."

இவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்டது. அந்த அட்டைகள் யார் மேசைக்குப் போயின என்பது எனக்குச் சொன்னவளுக்கும் தெரியவில்லை. ஓட்டு இல்லாத ஒரே ஓர் ஆள் அங்கே போய் என்ன செய்ய முடியும் என்று மாமா கேட்டது சில நாள் என்னை விடவில்லை.  நூலகத்தில் தேடினேன். அந்த ஒப்பந்தம் செல்லுபடியாக அமெரிக்க செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டியிருந்தது. ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு மே மாதம் அது ஓட்டுக்கு வந்தது. அந்த அவையில் எழுந்து பேசச் செரோக்கி ஒருவருக்கும் நாற்காலி இல்லை. ஆதரவு முப்பத்தொன்று, எதிர்ப்பு பதினைந்து. ஆதரித்தவர்களில் யாராவது ஒருவர் மனம் மாறி எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தால் அது தோற்றிருக்கும்.